எந்த அரசாங்கத்தின் காகிதம் என்று முதலில் பாருங்கள்

தம்பி, எச்-1பி வேலை விசாவில் டெக்சஸ் மாநிலத்து டாலஸுக்கு வந்து இறங்கியதும் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, அமெரிக்க அரசியலமைப்பைப் படிக்க எளிய புத்தகம் எது, குடியுரிமைத் தேர்வுக்கு இப்போதே தயாராக வேண்டுமா. வீட்டு விஷயத்தை ஆபீஸில் கேளுங்கள், பள்ளி ரேட்டிங்கை வைத்தே ஒரு வாரம் வாதாடுவார்கள். தேர்வு இப்போதைக்குத் தூரம். கிரீன் கார்டு கைக்கு வந்து, பொதுவாக ஐந்து வருடம் கழித்துத்தான் அந்தப் பேச்சு. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியல். அதிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொன்னால் தேறிவிடலாம். குடியேற்றத் துறையின் தளத்தில் விடையோடு இலவசமாகக் கிடக்கிறது. இதற்குப் போய்க் காசு கட்டி வகுப்பில் உட்காருகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆனால் அரசியலமைப்பை இந்த மாதமே புழங்குவதற்காகத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஆட்கள் இங்கே மாட்டிக்கொள்வது, ஓர் அரசாங்கம் சரி என்றால் எல்லா அரசாங்கமும் சரி என்ற மாதிரிதான் என்று நினைப்பதால்தான்.

டெல்லியை மனதில் வைத்துக்கொண்டு வாஷிங்டனைப் பார்க்காதீர்கள். இந்தியாவில் நாடாளுமன்றம் நினைத்தால் மாநில எல்லையை மாற்றலாம். எந்தப் பட்டியலிலும் இல்லாத அதிகாரம் மத்திய அரசுக்குப் போகும். இங்கே தலைகீழ். மாநிலங்கள் முதலில் இருந்தன. அவற்றின் பிரதிநிதிகள் 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் கூடி, இன்னின்ன அதிகாரம் என்று எழுதி ஃபெடரல் அரசை, அதாவது இங்கத்திய மத்திய அரசை, உண்டாக்கினார்கள். எழுதிக் கொடுக்காத மிச்சமெல்லாம் மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு என்கிறது 1791-ல் வந்த பத்தாவது திருத்தம். கவர்னர் இங்கே ஓட்டு வாங்கி வருகிறவர். அதிபர் அவரை நியமிக்கவும் முடியாது, வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. மாநில ஆட்சியைக் கலைக்கும் நம் ஊர் 356 மாதிரி ஒரு பிரிவே கிடையாது. (இதைக் கேட்டு நம்மவர்கள் விடும் பெருமூச்சு தனிக் கதை.) குடியேற்றமும் குடியுரிமையும் ஃபெடரல் கையில். டிரைவிங் லைசன்ஸ், கல்யாணம், பள்ளி, பெரும்பாலான குற்றச் சட்டங்கள் மாநிலத்தின் கையில். இரண்டும் மோதினால், தன் வரம்புக்குள் நிற்கும் ஃபெடரல் சட்டம்தான் மேல். அது அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு.

இனி நடைமுறை. வீடு மாறினால் முகவரி மாற்றத்துக்கான ஏஆர்-11 படிவத்தை 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் போட வேண்டும். லைசன்ஸ் கொடுக்கும் டெக்சஸ் மாநிலத் துறையான டிபிஎஸ்ஸில் லைசன்ஸ் முகவரியை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறாது. தபால் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன், எல்லாம் பின்னாலேயே வரும் என்று இருக்காதீர்கள். குடியேற்றத் துறை அனுப்பும் கார்டுகள் புது முகவரிக்கு வராமல் அனுப்பியவர்களிடமே திரும்பிவிடும். முன்பெல்லாம் விமான நிலையத்தில், நாட்டுக்குள் நுழைந்ததைப் பதியும் ஐ-94 வெள்ளை அட்டையைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துக் கொடுப்பார்கள். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் தேதி மறக்காது. 2013-ல் அது கணினிக்குள் போய்விட்டது. இப்போது வருகிறவர்கள் விசா முத்திரையைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார்கள். எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 தேதி. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகிறது என்றால் பல நேரம் பாஸ்போர்ட் முடியும் தேதியோடு ஐ-94 தேதியையும் வெட்டிவிடுவார்கள். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பியதும் ஐ-94-ஐ ஆன்லைனில் இறக்கிப் பாருங்கள்.

அடுத்தது லைசன்ஸ் கவுன்ட்டர். இங்கேதான் நிஜமான கண்ணி. 1993-ல் வந்த ஃபெடரல் சட்டத்தால், லைசன்ஸ் எடுக்கும் இடத்திலேயே வாக்காளர் பதிவையும் கேட்கிறார்கள். டெக்சஸ் படிவத்தில் நீங்கள் குடிமகனா, வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று வரும். இரண்டுக்கும் 'இல்லை'. உள்ளே இருப்பவர் வேகவேகமாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே போவார். கையெழுத்துக்கு முன் முழுதும் வாசியுங்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானால் கிரீன் கார்டு ஆயுளுக்கும் கிடைக்காமல் போகலாம். மன்னிப்புக்கு வழி அநேகமாக இல்லை. ஃபெடரல் தேர்தலில் ஓட்டே போட்டுவிட்டால் ஒரு வருடம் வரை சிறை, நாடுகடத்தலும் உண்டு. பின்னாளில் குடியுரிமைக்கான என்-400 படிவம், எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று நேராகவே கேட்கும். வேலையில் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்திலும் முதல் கட்டம் குடிமக்களுக்கானது, அவசரத்தில் அதில் டிக் போடாதீர்கள். நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார அழைப்பு வந்தால் குப்பையில் போடாமல், குடிமகன் அல்ல என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள்.

கஞ்சாவும் இதே கணக்கு. டெக்சஸில் குற்றம்; பக்கத்து நியூ மெக்சிகோவில் கடை வைத்து விற்கிறார்கள். அந்த மாநிலம் விட்டாலும், பொழுதுபோக்குக்குப் புகைப்பது ஃபெடரல் சட்டத்தில் குற்றமாகவே இருக்கிறது, உங்கள் விசா இருப்பதோ ஃபெடரல் கையில். தண்டனையே இல்லாமல், அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதே நுழைவை மறுக்கப் போதுமான காரணமாகலாம். 'அங்கே லீகல்தானே' என்று வண்டி ஏற்றிக் கூட்டிப் போகும் நண்பர் பெரும்பாலும் சிட்டிசனாக இருப்பார், கவனியுங்கள்.

வாட்ஸ்அப் சட்ட நிபுணர்களுக்கு வருவோம். ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கும், 'இவர் வந்தால் கிரீன் கார்டு வரிசை தீரும்' என்று கிளம்பிவிடுவார்கள். வருடா வருடம் தரும் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு, காங்கிரஸ் (இங்கத்திய நாடாளுமன்றம்) இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. அதிபர் கையெழுத்து மட்டும் அதை நீக்காது. வேலைவழி கிரீன் கார்டில் இந்த வரம்பை எடுக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் வேறு வாசகத்தோடு நிறைவேற்றியது. இரு அவைகளும் ஒரே வாசகத்துக்கு ஒத்துக்கொண்டால்தான் அது அதிபர் மேசைக்குப் போகும். அதற்குள் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்து மசோதா செத்துப்போனது. எச்-1பிக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில், உங்கள் மனைவிக்கு நாளை கிடைக்கக்கூடிய வேலை அனுமதி வேறு ரகம். அது 2015-ல் நிர்வாகத் துறை போட்ட விதி. துறை போட்டதைத் துறையே முறைப்படி எடுத்துவிடலாம். ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் அது சட்டமா, விதியா, அதிபர் உத்தரவா என்று பாருங்கள். பதற்றத்தின் அளவை அதை வைத்தே முடிவு செய்யலாம்.

ஓட்டு இல்லை என்பதால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. புது விதியின் முன்மொழிவு ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வரும்போது, பெரும்பாலும் 30 முதல் 60 நாள் வரை யாரும் கருத்து எழுதலாம். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. குடியேற்றத் துறையில் உங்கள் மனு கிடப்பில் கிடந்தால், உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்தை அணுகுங்கள். சபையின் தளத்தில் ஜிப் கோடு போட்டால் பெயர் வரும். மனுவின் ரசீது எண், தேதிகள், துறையிடமிருந்து வந்த கடிதங்கள், உங்கள் விவரங்களைத் துறையிடம் கேட்கலாம் என்று நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், இவ்வளவும் சேர்த்துக் கொடுங்கள். முடிவை அவர்களால் மாற்ற முடியாது, ஆனால் துறையிடமிருந்து ஒரு பதிலை வாங்கித் தருவார்கள். கவர்னர் அலுவலகத்துக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதில் கவர்னருக்கு வேலையே இல்லை.