தோள்பை வாங்கும் முன் தண்ணீரை எடை போடுங்கள்

கேள்வி: தைப் பொங்கல் முடிந்ததும் தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை கடலோர ஊர்கள் வழியாக நடந்து செல்ல நானும் என் தங்கையும் எண்ணியுள்ளோம். இரவில் ஊர்களில் தங்குவோம். 65 லிட்டர் கொள்ளளவும் இரண்டு கிலோவுக்கு மேல் எடையும் உள்ள பை நல்லதா, ஒரு கிலோவுக்கும் குறைவான சிறிய பை போதுமா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: பையைக் கடைசியாக வாங்குங்கள், சகோதரி. கொண்டுபோக வேண்டியவற்றை முதலில் தராசில் வையுங்கள். கூடாரமும் அடுப்பும் தேவைப்படாத உங்கள் பயணத்தில் மாற்றுடை, போர்வை, மருந்து, கைவிளக்கு எல்லாம் சேர்ந்து நான்கு கிலோவைத் தாண்ட வேண்டியதில்லை. உண்மையான சுமை தண்ணீர்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நம் கடற்கரையில் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், ஆளுக்கு மூன்று லிட்டராவது சுமந்தே ஆக வேண்டும். அதைக் குறைத்துப் பாரத்தை இளக்க நினைக்காதீர்கள். ஆக மொத்தம் ஏழெட்டு கிலோ. இதற்கு 35 முதல் 40 லிட்டர் கொள்ளும் இலகுவான பையே போதும்; பெரிய பையில் இடம் மிஞ்சினால், தேவையற்றதை எல்லாம் அதில் திணிக்கவே கை போகும்.

ஆனால் பையின் எடையைவிட முதுகின் அளவு முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புகளை இணைக்கும் கோடு வரை, தையல் நாடாவால் தங்கையை அளக்கச் சொல்லுங்கள். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், இருவரும் தனித்தனியே பார்த்து வாங்குவதே சரி. இடுப்புப் பட்டை எலும்பின் மேல் அமர்ந்து பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். வயிற்றில் அமர்ந்தால் முழுச் சுமையும் தோளுக்கே போய்விடும். கடையிலேயே ஏழு கிலோ பொருளைப் போட்டு, கால் மணி நேரமாவது நடந்து பாருங்கள்.

மிக மெல்லிய துணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பனை மட்டையின் கருக்கும் சீமைக்கருவேல முள்ளும் உரசினால் அது கிழிந்துவிடும். உலோக ஜிப்பை உப்புக்காற்று அரிக்கும், மணல் அடைக்கும். வாயைச் சுருட்டிக் கொக்கியால் பூட்டும் பையே இங்கே நிலைக்கும்.

வடகிழக்குப் பருவமழை தையில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் என்றாலும், தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள். வெளியே மாட்டும் மழையுறை வேண்டாம். ஒருமுறை பாம்பன் சாலைப் பாலத்தில் நடந்தபோது, அந்த உறை காற்றில் படகின் பாய்போல் புடைத்து என்னைத் தடுமாற வைத்தது.

தண்ணீர்ப் புட்டிகளை முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வரும்படி அடுக்குங்கள். இராமேசுவரத்தில் அவற்றை நிரப்பாமல் தனுஷ்கோடிச் சாலையில் கால் வைக்காதீர்கள்.