ஆங்கரேஜில் ஒரு ராத்திரி போதுமா?

கேள்வி: அலாஸ்கா போகிறோம். ஆங்கரேஜ் நகரத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை, ஒரு ராத்திரி தங்கினால் போதும் என்கிறார்களே, உண்மையா?

அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அங்கே ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வந்தவர்கள். எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் உண்டு, என் கொழுந்தனார். கப்பல் சுற்றுலாவில் போனார். விட்டியர் துறைமுகத்தில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, மலையைக் குடைந்து போட்ட 4 கிலோமீட்டர் சுரங்கப் பாதை வழியாக ஆங்கரேஜுக்குக் கூட்டிவந்து, ஒரு ஹோட்டலில் விட்டார்கள். விடிந்ததும் விமானம். அந்த ஊருக்கும் அவருக்கும் உள்ள பழக்கம் இவ்வளவுதான். ஆனால் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "அங்க என்ன மதினி இருக்கு? நாலு கட்டடம், எட்டு கார் பார்க்கிங். கொடைக்கானல்ல பாக்காத காட்டுமாடா?" என்று பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் அப்போதுதான் அங்கிருந்து திரும்பியிருந்தேன். சம்பந்தி வீட்டார் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

நான் சுற்றுலாப் பயணி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மகளுடைய பிரசவத்துக்குப் போனவள். மாப்பிள்ளைக்கு அங்கே சரக்கு விமானங்களைப் பழுது பார்க்கும் வேலை. ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவழியில் இருப்பதால் சரக்கு விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்குகின்றன. உலகத்திலேயே பெரிய சரக்கு விமான நிலையங்களில் அதுவும் ஒன்று. ஒரு கோடைக்காலம் முழுக்க அங்கே இருந்தேன். பிள்ளை பார்க்கப் போன அம்மாவுக்கு ஊரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கலாம். பேரனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தினமும் அதே தெருக்களில் நடந்தவளுக்குத் தெரிவது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்குத் தெரியாது என்பது என் கட்சி.

கொழுந்தனார் சொன்னதில் பாதி சரிதான். கட்டடங்களில் அழகு கிடையாது. 1915-ல் ரயில் பாதை போட வந்தவர்கள் ஷிப் கிரீக் ஓடைக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கியதில் தொடங்கிய ஊர் அது. கோட்டை, கோபுரம், அரண்மனை எல்லாம் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். நகரத்தின் நடுவில் வீடில்லாமல் தெருவில் கிடக்கிறவர்களையும் பார்த்தேன், மறைக்க மாட்டேன். ஆங்கரேஜிலிருந்து அரை மணி நேரம் போனால் அலாஸ்கா வந்துவிடும் என்று அந்த மாநிலத்துக்காரர்களே கேலி பேசுவார்களாம். அது அவர்கள் பாடு. எனக்கு அலாஸ்கா மகள் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே வந்து நின்றது.

ஒரு நாள் காலையில் குழந்தைத் துணி காயப்போடக் கொல்லைக் கதவைத் திறக்கிறேன், பக்கத்து வீட்டு வேலி ஓரம் மூஸ் ஒன்று நிற்கிறது. மூஸ் என்றால் மான் இனத்திலேயே மிகப் பெரியது. நன்றாக வளர்ந்த கிடா 500 கிலோவைத் தாண்டும். இது பெட்டை, பக்கத்தில் செம்பட்டை நிறத்தில் குட்டி. அந்த வீட்டுக்காரர் ஆசையாக நட்டு வளர்த்த மரக்கன்றின் இலையை உருவி நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. மகள் உள்ளேயிருந்து, "அம்மா, ஆடாம அசையாம உள்ள வா" என்றாள். கரடியைக்கூட அந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு எச்சரிக்கையாகப் பேசி நான் கேட்கவில்லை. குட்டியோடு இருக்கும் மூஸிடம் அவ்வளவு பயம். காதைப் பின்னால் மடக்கி, முதுகு மயிரைச் சிலிர்த்தால் பாயப் போகிறது என்று அர்த்தம். அப்போது யோசிக்காமல் ஓடி மரத்துக்கோ காருக்கோ பின்னால் போய்விட வேண்டும். கரடி என்றால் நேர்மாறு, ஓடவே கூடாது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? ஜன்னலில் நின்று காப்பி குடித்தார். மதுரையில் எங்கள் திருநகரில் மொட்டைமாடிக்கு மயில் வந்து வடகத்தைக் கொத்தினால் நாங்கள் 'சூ' என்பதோடு முடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி. மூஸுக்குத் தீனி போடுவது அங்கே சட்டப்படி குற்றம். கரடி வாசனை பிடித்து வரும்படி குப்பையைப் போட்டு வைப்பதும் குற்றம். அதனால் குப்பைத் தொட்டியை ராத்திரியே வெளியில் வைக்காமல், வண்டி வருகிற அன்று காலையில்தான் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கறாராக இருந்தார். கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் இருக்கிற நகரத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காட்டுக்குள் இருக்கிற கிராமத்தைப் பற்றி இல்லை.

அப்புறம் மீன். ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஷிப் கிரீக் ஓடுகிறது. ஜூனில் கிங் சால்மன், ஆகஸ்டில் சில்வர் சால்மன், கடலிலிருந்து அந்த ஓடையில் ஏறி வரும். பிறந்த தண்ணீரைத் தேடி வந்து, முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். இடுப்பளவு ரப்பர் காலுறை மாட்டிக்கொண்டு, தோளோடு தோள் இடிக்க ஆட்கள் தூண்டிலோடு நிற்கிறார்கள். ஆபீஸ் வேலைக்காரர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நாலு தடவை வீசிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். வெளியூர்க்காரர்களும் உரிமம் வாங்கிக்கொண்டு பிடிக்கலாம். பேரனை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. கொழுந்தனாரின் ஹோட்டலிலிருந்து அந்த ஓடைக்கு நடந்தே போயிருக்கலாம், விசாரித்துவிட்டேன்.

மூஸைப் பார்த்துக் காப்பி குடித்தாரே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முழுத் துண்டம் சால்மன் கொடுத்தார். நான் அயிரை மீன் குழம்பு கூட்டுகிற மாதிரியே புளி கரைத்து, சின்ன வெங்காயம் கிடைக்காததால் பெரிய வெங்காயத்தை அரைத்துப் போட்டு வைத்தேன். சால்மனில் எண்ணெய்ச் சத்து அதிகம். நல்லெண்ணெயைப் பாதியாகக் குறைத்து, கரண்டி போடாமல் சட்டியைச் சுற்றி ஆட்டி இறக்கினால் உடையாமல் வரும். மறுநாள் இன்னும் நன்றாக இருந்தது. சால்மனைக் குழம்பு வைப்பது பாவம் என்று எழுத வருபவர்கள் அவரவர் வீட்டில் சுட்டுச் சாப்பிடட்டும்.

கடற்கரை ஓரமாக 18 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். டோனி நோல்ஸ் கடலோரப் பாதை என்று பெயர். நகரத்தின் நடுவில் தொடங்கி கின்கெய்ட் பூங்காவில் முடியும். நான் முழுதும் நடந்ததில்லை. நடந்த வரைக்கும் ஒரு பக்கம் மரம், மறு பக்கம் குக் இன்லெட் கடல். வெள்ளை பெலுகா திமிங்கிலம் சில சமயம் தெரியும் என்பார்கள், எனக்கு வாய்க்கவில்லை. கடல் வற்றினால் சாம்பல் நிறத்தில் சேறு விரிந்து கிடக்கும். வைகை ஆற்றுக்குள் இறங்கி நடந்தே பழகிய நமக்குக் கால் துறுதுறுக்கும். இறங்கவே இறங்காதீர்கள். பனிப்பாறைகள் மலையை அரைத்துக் கொண்டுவந்த மாவு மண் அது. மேலே கெட்டியாகத் தெரியும், கால் புதைந்தால் இறுக்கிக்கொள்ளும். பெரிய ஏற்றம் வருகிற நாட்களில் தண்ணீர் 30 அடிக்கு மேலும் ஏறி இறங்குகிற கடல். மாட்டிக்கொண்டு செத்தவர்கள் உண்டு.

அந்தப் பாதையில் போனால் பூகம்பப் பூங்கா வரும். 1964 மார்ச் 27, பெரிய வெள்ளிக்கிழமை. 9.2 அளவில் பூமி நாலரை நிமிடம் ஆடியது. கருவிகள் பதிவு செய்ததில் உலகத்திலேயே இரண்டாவது பெரிய பூகம்பம். கரையோரக் குடியிருப்பு ஒன்று வீடுகளோடு கடலைப் பார்த்துச் சரிந்தது. அந்த மேடுபள்ளத்தின் மேல் இப்போது மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. 2018 நவம்பரிலும் 7.1 அளவில் ஒன்று வந்தது. மகள் வீட்டில் பீரோ, அலமாரி எல்லாவற்றையும் சுவரோடு திருகி வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். காட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பவே வேண்டாம் என்பவருக்கு சூகாச் மாநிலப் பூங்கா இருக்கிறது. கிட்டத்தட்ட 5 லட்சம் ஏக்கர், ஊர் முடிகிற இடத்தில் தொடங்கிவிடுகிறது. ஃபிளாட்டாப் மலை ஏற என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ஆனால் கிளென் ஆல்ப்ஸ் வரை காரே போகும், அங்கிருந்து சின்னப் பாதையில் நடந்தால் ஊர் முழுக்கக் காலடியில் தெரியும். வானம் தெளிந்த ஒரு நாளில் வடக்கே வெள்ளையாக ஒன்று தெரிந்தது. மேகம் என்று நினைத்தால், வட அமெரிக்காவிலேயே உயரமான டெனாலி மலை என்றார் மாப்பிள்ளை. 200 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், 6,190 மீட்டர் உயரம்.

வெளிச்சத்தைச் சொல்ல வேண்டும். ஜூன் கடைசியில் காலை 4:20-க்கு விடிந்து, ராத்திரி 11:40-க்குத்தான் சூரியன் இறங்குகிறது. அதற்கப்புறமும் முழு இருட்டு கிடையாது. எனக்குப் பெரிய குழப்பம், விளக்கு எப்போது வைப்பது என்பதுதான். ஆறரை மணிக்கு வெயில் கொளுத்துகிறது. திருநகரில் எங்கள் வீட்டுக்காரர் விளக்கேற்றுகிற நேரத்தில் ஏற்றலாமே என்று கணக்குப் போட்டால், இங்கே சாயந்தரம் ஆறு மணி அங்கே விடிகாலை நாலரை. கடைசியில் பேரன் தூங்குகிற நேரத்தை வைத்துக்கொண்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு அவனைத் தூங்க வைப்போம், அப்போது விளக்கை ஏற்றிவிடுவேன். இதெல்லாம் ஒரு ராத்திரி தங்கியவருக்கு நேருமா?

மதுரையையும் இப்படித்தானே பேசுகிறார்கள். வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் காலையில் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு மத்தியானம் ராமேஸ்வரத்துக்கு வண்டி ஏறுகிறார்கள். அப்புறம் "கோயிலை விட்டால் மதுரையில் ஒன்றுமில்லை" என்று எழுதுகிறார்கள். கீழக்குயில்குடி சமணர் படுகை யாருக்குத் தெரிகிறது? அரிட்டாபட்டியை 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். எங்கள் கொழுந்தனார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அங்கேயும் போனதில்லை.

போகிற வழியைப் பற்றி: இந்தியாவிலிருந்து நேர் விமானம் இல்லை. நான் சென்னை போய், வளைகுடாவில் ஒரு ஊர் மாறி, சியாட்டில் போய், அங்கிருந்து மூன்றரை மணி நேரம் பறந்தேன். நடக்கத் தெம்பிருந்தும் சக்கர நாற்காலி கேட்கிற இந்திய அம்மாக்கள் என்று சிலர் கேலியாக எழுதுவதைப் படித்திருக்கிறேன். ஆமாம், நானும் கேட்டேன். முழங்கால் தேய்மானத்தோடு, தூக்கம் கெட்டு, புரியாத உச்சரிப்பில் அறிவிப்பு கேட்டு, பூமிக்கடியில் ஓடும் ரயிலைப் பிடித்து அடுத்த வாசலுக்குத் தனியாக ஓட வேண்டும். ஊறுகாய் பாட்டிலை ஏன் கொண்டு வந்தாய் என்று நடுவில் ஒருவர் கேட்பார், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். கேலி செய்கிற பிள்ளைகள் தங்கள் அம்மாவோடு கூடவே பறந்து வந்து கூட்டிப் போகலாமே. அதற்கு மட்டும் லீவு கிடைக்காது.

சரி, உங்களுக்கு வருகிறேன். அப்பா அம்மாவையும் கூட்டிப் போவீர்கள், கையில் பத்துப் பதினைந்து நாள் இருக்கும், டெனாலி, பனிப்பாறை, கப்பல் என்று ஏற்கெனவே அடைத்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆங்கரேஜுக்கு மூன்று முழு நாள் ஒதுக்குங்கள், கோடையில் ஹோட்டல் வாடகை ஏறிக் கிடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன். ஒரு நாளாவது எங்கேயும் ஓடாமல் ஓடைக்கரையிலும் கடலோரப் பாதையிலும் கழியட்டும். பழங்குடி மக்களின் வீடுகளை அப்படியே கட்டிக் காட்டுகிற அலாஸ்கா பூர்வகுடிப் பாரம்பரிய மையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு அரை நாள். துருவ ஒளி வேண்டும் என்றால் ஜூன், ஜூலையில் போகாதீர்கள், வானம் இருட்டினால்தானே தெரியும். ஆகஸ்ட் கடைசிக்கு மேல் போங்கள். கோடையிலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும், கொசுவும் உண்டு. கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரேயை விமானத்தில் எந்தப் பையிலும் அனுமதிக்க மாட்டார்கள். அங்கேயே வாங்கி, திரும்பும்போது ஹோட்டலில் கேட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும்.