எந்த வகுப்புக்குப் போகிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

பதவி உயர்வில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குத் தலைமையாசிரியையாக வந்திருக்கிறேன். சர்வாதிகாரம், ஜனநாயகம், தலையிடாமை என்று தலைமைக்கு மூன்று பாணி உண்டு எனப் பயிற்சியில் சொன்னார்கள். நான் ஜனநாயகமாகத்தான் நடக்கிறேன். ஆனாலும் ஆசிரியர்கள் ஒத்துழைப்பதில்லை. ஒருவர் தினமும் தாமதம். மெமோ கொடுக்கலாமா? எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவு செய்யும் வேலையிலேயே பாதி நாள் போய்விடுகிறது. எந்தப் பாணி சரி?

க.

அன்புள்ள க.,

அந்த மூன்று பாணியும் எங்கிருந்து வந்தன என்று பயிற்சியில் சொன்னார்களா? 1930களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவாவில் உளவியலாளர் குர்ட் லெவினும் சகாக்களும் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதட்டும் தலைவர் அறையைவிட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் தலைவர் போன பிறகும் வேலை ஓடியது. நல்ல ஆய்வுதான். ஆனால் அந்தப் பையன்களுக்குப் பணிமூப்புப் பட்டியலும் இல்லை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடும் இல்லை. அதை வைத்து உங்களை அளக்காதீர்கள்.

கொஞ்ச நாளாக நான் எங்கள் பள்ளி எச்.எம்.மைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாஃப் மீட்டிங்கில் அவர் ஒருவர்தான் பேசுவார் என்பார்கள். கையில் பிரம்பு வேறு. இன்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்கு இடம் தராது, தரவும் கூடாது. உங்கள் கணக்கில் சுத்த சர்வாதிகாரி. ஆனால் யாரும் போக விரும்பாத எட்டாம் வகுப்பு ‘டி’ பிரிவுக்குக் கணக்குப் பாடம் அவருடையது. நான் அந்த ‘டி’ பிரிவுக்காரன். பின்னம் புரியாத எங்களுக்கு மறுபடி மறுபடி போட்டுக் காட்டுவார், வியர்க்க வியர்க்க. பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று அவர் குறை சொன்னால், “நீங்கள் வந்து நடத்திப் பாருங்கள் சார்” என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது. அவர்தான் தினமும் நடத்திக்கொண்டிருந்தாரே!

தொடக்கப் பள்ளியில் பாணி என்ற பேச்சுக்கே இடமில்லை. 2009ஆம் ஆண்டின் அதே கல்வி உரிமைச் சட்டப்படி 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமையாசிரியர். ஈராசிரியர் பள்ளியில் எச்.எம். இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பாடமும் நடத்துகிறார், எமிஸும் பார்க்கிறார். அவரிடம் உங்கள் பாணி என்ன என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

நீங்கள் எந்த வகுப்புக்குப் போகிறீர்கள்? உங்கள் கடிதத்தில் பயிற்சி இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எமிஸ் இருக்கிறது. ஒரு பிள்ளைகூட இல்லையேம்மா! இத்தனை வருடம் பாடம் நடத்தியவர்தானே, நாற்காலி மாறியதும் சாக்பீஸ் கசந்துவிட்டதா? வேலை அதிகம் என்று சொல்லாதீர்கள். அதிகம்தான். இருந்தாலும் தினமும் ஒரு பாடவேளை. அதுவும் நன்றாகப் படிக்கும் பத்தாம் வகுப்பு வேண்டாம், யாரும் கேட்காத பிரிவாகப் பார்த்து எடுங்கள். காலை முதல் பாடவேளையாகவே இருக்கட்டும்.

மெமோ இப்போது வேண்டாம். தாமதமாக வருகிறவர் வரும்போது நீங்கள் வகுப்பில் நின்றுகொண்டிருந்தால், அப்புறம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல்கூட இருக்கலாம். பதில் சரியில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள்.