ஓர் இரவுக்குள் தற்காப்பு நிலை: அகழியை எங்கே வெட்டுவது?

கேள்வி: முதல் உலகப் போர்க் காலத்து நாவல் ஒன்றை எழுதிவருகிறேன். விடிந்தால் தாக்குதல் வரும் என்று அறிந்த சிறு படைப்பிரிவு ஒன்று, மாலையில் குன்றின் உச்சிக்கு ஏறியதும் அகழி வெட்டத் தொடங்குவதாக எழுதியிருக்கிறேன். இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. உச்சியில் நிற்பவரின் உருவம் வானத்தின் பின்னணியில் தெளிவாகத் தெரியும். சரிவு நடுவில் புடைத்திருந்தால், அடிவாரத்திலிருந்து ஏறி வருபவர்கள் மிக அருகில் வரும்வரை கண்ணில் படவும் மாட்டார்கள். ஆகவே அனுபவமுள்ள அதிகாரி, வெளிச்சம் இருக்கும்போதே எதிரி வரக்கூடிய பக்கத்துக்கு இறங்கிப்போய், அங்கிருந்து தன் இடத்தைத் திரும்பிப் பார்ப்பார். எனக்கு இதுவே மற்ற எல்லா வேலைகளையும்விட முக்கியமானதாகத் தோன்றுகிறது.

தென்னாப்பிரிக்கப் போரின் இரண்டு சண்டைகள் இதை உணர்த்தும். 1899 டிசம்பரில் மாகர்ஸ்ஃபொன்டெய்னில், பிரிட்டிஷாரை எதிர்த்த டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் குன்றுகளின் மேலே அல்லாமல் அடிவாரத்தில் அகழி வெட்டினார்கள். பிரிட்டிஷ் பீரங்கிகள் குன்றுகளையே தாக்கின. மறுநாள் விடியலில் நெருங்கிய காலாட்படை, தரையை ஒட்டிப் பாய்ந்த குண்டுகளில் சிக்கியது. அடுத்த மாதம் ஸ்பியன் கோப்பில் பிரிட்டிஷ் படையினர் இருளிலும் மூடுபனியிலும் மலையைப் பிடித்து, பாறைத் தரையில் ஆழமற்ற அகழி ஒன்றை வெட்டினார்கள். பனி விலகிய பிறகே, அது சரிவின் விளிம்பில் அமையாததால் முன்னால் சுடும் பரப்பு மிகக் குறுகியிருப்பதும், பக்கத்து மேட்டிலிருந்து அகழியின் நீளவாட்டில் சுட முடிவதும் தெரியவந்தன.

இடம் முடிவானதும் காவலர்களை முன்னே நிறுத்த வேண்டும். பிறகு இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இடமும் சூட்டு எல்லையும் குறிக்க வேண்டும். ஒன்றின் சூடு மற்றதன் முன்பக்கத்தைக் குறுக்காகக் காக்கும்படி அமைத்தால் இடைவெளி இராது. பார்வையை மறைக்கும் புதர்களை அளவோடு வெட்டிவிட்டுத்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும். நின்று சுடுபவரின் அக்குள் அளவுக்குக் குழி ஆழமாவது நல்லது. தோண்டிய புதுமண் நிறத்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், முதலிலேயே பெயர்த்து வைத்த புல்தரையை அதன்மேல் பரப்புவார்கள்.

முள்கம்பியைக் கையெறி குண்டு அகழிக்குள் விழாத தொலைவிலும், தம் துப்பாக்கிகளின் பார்வைக்குள்ளும் கட்ட வேண்டும். சூட்டின் காவல் இல்லாத கம்பியை எதிரி நிதானமாக வெட்டிவிடுவான். வேலை பாதியில் இருந்தாலும், விடியலுக்குச் சற்று முன்பு அனைவரும் மண்வெட்டிகளை வைத்துவிட்டு ஆயுதத்துடன் தத்தம் இடத்தில் நிற்பதாக அந்த அத்தியாயத்தை எழுதுங்கள்.