அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டிஃபென்ஸ் கோச் (எதிரணியைத் தடுக்கும் வீரர்களின் பயிற்சியாளர்) ஆனவர், ஹெட் கோச் ஆகாவிட்டால் தோற்றவரா?

இல்லை. பட் ஃபாஸ்டரைப் பாருங்கள். மரே ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விளையாடி, அங்கேயே 1981-இல் உதவியாளராகச் சேர்ந்தார். அந்த வேலையில் சம்பளம் சொற்பம், எடுபிடி வேலைதான் அதிகம். அங்கு ஹெட் கோச்சாக இருந்த ஃபிராங்க் பீமர் 1987-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது இவரையும் கூட்டிப்போனார். முதலில் லைன்பேக்கர்களுக்கு (டிஃபென்ஸின் இரண்டாம் வரிசை வீரர்களுக்கு) பயிற்சி, அப்புறம் 1995 முதல் டிஃபென்ஸ் முழுவதற்கும் பொறுப்பு. முதல் ஆண்டு மட்டும் இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார்.

இந்தத் துறையில் ஆளைத் தெரிந்திருப்பதும் பாதித் தகுதி என்பேன்.

அவருடைய டிஃபென்ஸின் அடையாளம், தொழிலாளிகள் கொண்டுபோகும் வகையில் ஓர் அடிபட்ட தகர டிபன் பெட்டி. நன்றாக உழைத்து ஆடும் வீரருக்குத்தான் அதைத் தூக்கிப்போகும் பெருமை. சாதாரணத் தகரம்தான், ஆனால் அதற்குப் பையன்களிடையே போட்டி!

2006-இல் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது கிடைத்தது. 2015-உடன் பீமர் ஓய்வு பெற்றார். பொதுவாகப் புது ஹெட் கோச் தன் ஆட்களோடுதான் வருவார். ஆனாலும் அடுத்து வந்த ஜஸ்டின் ஃபுவென்டே ஃபாஸ்டரை விடவில்லை. 2019-இல் ஃபாஸ்டரும் ஓய்வு. சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம், பிட்ஸ்பர்க்குடன்: 28-0 என வெற்றி.