கலங்கிய ஃபிக்ஸரை வடிகட்டலாமா?

கேள்வி: 250 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்), 25 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் இரண்டையும் சுடுநீரில் ஒன்றாகப் போட்டு, போட்டோ பிலிமில் படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஃபிக்ஸர் ஒரு லிட்டர் கலந்தேன். சில நாளிலேயே பால் போல் வெளுத்துவிட்டது. வடிகட்டிப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம், கொட்டிவிடுங்கள். அடியில் படிந்திருப்பது கந்தகம். வடித்தாலும் மறுபடி பிரியும், பிலிமிலும் ஒட்டும்.

அளவில் தப்பில்லை, சூட்டில்தான் தப்பு. மெட்டாபைசல்பைட் அமிலத்தன்மை உள்ளது. சூடான ஹைப்போவில் அமிலம் பட்டால் ஹைப்போ சிதைந்து கந்தகம் பிரியும். 700 மில்லி தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கி முதலில் ஹைப்போவை மட்டும் கரையுங்கள். கரையும்போதே தண்ணீர் ஜில்லென்று ஆகும், பயப்பட வேண்டாம். அடுத்து 10 கிராம் சோடியம் சல்பைட். இது கந்தகம் பிரியாமல் காக்கும். நன்றாக ஆறிய பிறகுதான் மெட்டாபைசல்பைட். அப்புறம் ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள்.

இந்த 250 கிராம் கற்கண்டு மாதிரி இருக்கும் படிகத்துக்குத்தான். உங்களிடம் இருப்பது மாவு போன்ற நீரற்ற தூள் என்றால் 160 கிராம் போதும். படிகத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். தூளில் அது இல்லை. லேபிளில் 'அன்ஹைட்ரஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். லேபிளே இல்லாமல் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்தால் வாங்காதீர்கள்.

கடையில் வெறுமனே 'ஹைப்போ' என்றும் கேட்காதீர்கள். துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் மெட்டாபைசல்பைட் போன்ற அமிலப் பொருள் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். 'சோடியம் தயோசல்பேட்' என்று எழுதியே கொடுங்கள். அரை கிலோ கேட்டால் கம்பெனி லெட்டர்ஹெட் கொண்டா என்பார்கள், இல்லாவிட்டால் மூட்டையாக வாங்கு என்பார்கள். வீட்டில் நாலு ரோல் கழுவுகிறவன் லெட்டர்ஹெட்டுக்கு எங்கே போவான்? இந்த அலைச்சலைக் காசாக்கவே சிலர் குடிநீர் பாட்டிலில் 'ரெடிமேட் ஃபிக்ஸர்' விற்கிறார்கள். அதில் பழைய ஃபிக்ஸர் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். பிலிமிலிருந்து வெள்ளி கரைந்து ஏறிய ஃபிக்ஸரில் புது ஹைப்போவைத் தூவினால் அது புதிதாகிவிடாது.

கலந்ததை விளிம்புவரை நிரப்பி, இறுக்க மூடி, தேதி எழுதி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். நம்மூர் வெயிலில் மொட்டைமாடி அறை ஆகவே ஆகாது. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்தால் போதும். படிகம் ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் தாங்கும்.

ஃபிக்ஸரின் சக்தி தீர்ந்துவிட்டதா என்று பார்க்க, டெவலப் செய்யாத பிலிம் நுனி ஒன்றை அதில் போடுங்கள். புது ஃபிக்ஸரில் 3 நிமிடத்தில் கண்ணாடி போல் தெளிந்த பிலிம் இப்போது 6 நிமிடம் எடுத்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதில் வெள்ளி இருக்கும், சாக்கடையில் ஊற்றாதீர்கள். எக்ஸ்-ரே கூடங்களில் பழைய ஃபிக்ஸர் எடுக்க வருபவர் இருந்தால் அவரிடம் கொடுங்கள். விலை பேசுமுன் லிட்டரை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.