கயிறும் காய்ச்சலும்

அன்புள்ள ஐயா,

சான்பிரான்சிஸ்கோ சீனர்களின் 'சுங் சாய் யாட் போ' நாளிதழைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கிராம சுகாதாரச் செவிலியர். 2020இல் காய்ச்சலை மறைத்தவர்களின் வாசலில் நின்று கெஞ்சியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பத்திரிகையைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கிறீர்கள். ஆனால் 1900இல் அவர்களுடைய தெருவுக்குள் வந்தது உண்மையான பிளேக். மருத்துவர்கள் அதைச் சொன்னபோது உங்கள் பத்திரிகை நம்பவில்லை, தடுப்பு நடவடிக்கைகளை எதிர்த்தது. இன்று ஒருவர் இதையே செய்தால் வதந்தி பரப்புகிறார் என்றுதானே சொல்வோம்? நூறாண்டு பழையது என்பதால் அதற்கு மன்னிப்பு உண்டா?

இன்னொரு சிறிய கேள்வி. 1906 பூகம்பத்துக்குப் பிறகு அது கையால் எழுதி வெளிவந்தது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அத்தனை அவசரமாகச் சொல்ல அவர்களிடம் என்ன செய்தி இருந்தது?

ம., நாகர்கோவில்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

வந்தது பிளேக்தான். 1904 வரை நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பத்திரிகை அந்த நோயைச் சந்தேகித்தது, சந்தேகம் தவறு. இதை என் கட்டுரையில் நான் சொல்லியிருக்க வேண்டும். பிடித்துப்போன ஒன்றைப் பற்றி எழுதும்போது பாதகமான பக்கத்தைக் கை தானாகவே புரட்டிவிடுகிறது. பிடித்துவிட்டீர்கள்.

ஆனால் வதந்தி என்ற சொல்லை நான் இன்னும் ஏற்கவில்லை. தேதிகளைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள்.

1900 ஜனவரி 20. ஹவாயின் ஹொனலுலுவில் பிளேக் கண்ட கட்டடங்களைச் சுகாதார வாரியமே கொளுத்திக்கொண்டிருந்தது. அன்று காற்று வலுத்து, தீ கைமீறி, சீனர்கள் வாழ்ந்த சைனாடவுன் பகுதி கிட்டத்தட்ட முழுவதும் சாம்பலானது. நான்காயிரம் பேருக்கு மேல் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காவலோடு முகாம்களுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அடுத்த மாத நடுவில், பிப்ரவரி 16 அன்று, சான்பிரான்சிஸ்கோவில் சுங் சாய் யாட் போ தினசரியாகத் தொடங்குகிறது. மார்ச் 6 அன்று அந்த ஊர் சைனாடவுனில் தொடையிடுக்கில் நெறி கட்டிய ஒரு சீனரின் உடல் பரிசோதனைக்கு வருகிறது. மறுநாள் மக்கள் கண்விழித்தபோது ஏறக்குறைய பன்னிரண்டு தெருக்கட்டுகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது, போலீஸ் நின்றது. உள்ளே இருந்த வெள்ளையர்களை வெளியே போகவிட்டார்கள். வெள்ளையர் வீடுகளில் சமையல் வேலை பார்த்த சீனர்களும் சலவைக்காரர்களும் உள்ளேயே நின்றார்கள்.

பத்திரிகைக்கு அப்போது வயது மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதன் வாசகர்களுக்குப் பிளேக் என்ற சொல் நோயாகக் காதில் விழுந்திருக்காது. ஹொனலுலுவின் தீயாகத்தான் விழுந்திருக்கும்.

இனி மருத்துவம். மத்திய அரசின் மருத்துவ அதிகாரி ஜோசப் கின்யூன், ஏஞ்சல் தீவில் இருந்த தன் ஆய்வுக்கூடத்தில் இறந்தவரின் நெறியிலிருந்து எடுத்ததை எலி, கினிப் பன்றி, குரங்கு ஆகியவற்றுக்குச் செலுத்தினார். ஊரே அந்தக் குரங்கின் உடல்நலத்தை விசாரித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ஆகியும் பிராணிகள் நன்றாகவே இருந்தன. வணிகர்களின் நெருக்கடியில் மார்ச் 9 அன்று கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். 11ஆம் தேதி முதல் பிராணிகள் இறக்கத் தொடங்கின. கின்யூன் சொன்னது சரியாகப் போயிற்று, ஆனால் சரியென்று தெரிந்தபோது அவரை நம்ப ஆளில்லை. முடிவு வருவதற்கு முன்பே கட்டி, முடிவு வருவதற்கு முன்பே அவிழ்த்த கயிறு அது. களத்தில் வேலை செய்த உங்களுக்கு இதன் விலை என்னைவிட நன்றாகத் தெரியும்.

பிளேக் இல்லை என்று சாதித்தவர்கள் சீனர்கள் மட்டுமா? 'குரோனிக்கிள்', 'கால்' போன்ற ஆங்கில நாளிதழ்கள் சுகாதார வாரியத்தைக் கேலி செய்தன, பணம் பிடுங்கக் கட்டிய கதை என்றன. கலிபோர்னியா ஆளுநர் ஹென்றி கேஜ் கடைசிவரை மறுத்தார், கின்யூனே கிருமியைக் கொண்டுவந்து வைத்தார் என்கிற அளவுக்குப் பேசினார். 1901 தொடக்கத்தில் வாஷிங்டன் அனுப்பிய மூன்று அறிவியலாளர்களின் குழு பிளேக்தான் என்று உறுதிசெய்தது. ஆளுநர் வளையவில்லை, கின்யூனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஆக, ஆரஞ்சுப் பழம் விற்கவும் கப்பல் வந்துபோகவும் ஒரு மாநிலமே மூடி மறைத்தது. அதற்கு இருந்த காரணம் வியாபாரம். சீனப் பத்திரிகைக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. வியாபாரம் அங்கும் உண்டு, மறைக்க மாட்டேன். அது பெரும்பாலும் கடைக்காரர்களும் வணிகர்களும் படித்த பத்திரிகை, கயிறு கட்டினால் முதலில் படுப்பது கடை. இரண்டாவது காரணம் அந்தக் கயிறு யாரைச் சுற்றிக் கட்டப்பட்டது என்பது.

மே மாதத்தில் அது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. பிளேக்குக்கான ஹாஃப்கின் தடுப்பூசி நம் நாட்டோடு தொடர்புடையது. வால்டெமார் ஹாஃப்கின் அதை 1897 ஜனவரியில் பம்பாயில், முதலில் தன் உடலிலேயே போட்டுப் பார்த்தார், பிறகு பைகுல்லா சிறைக் கைதிகளில் முன்வந்தவர்களுக்குப் போட்டார். நல்ல கண்டுபிடிப்பு, ஆனால் உடம்பை முறுக்கிப் போடும் ஊசி. கடும் காய்ச்சல், கை வீக்கம், இரண்டு மூன்று நாள் படுக்கை. இந்த ஊசி போட்டுக்கொண்ட சான்று இல்லாமல் சீனர்களும் ஜப்பானியர்களும் ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. மற்றவர்களுக்கு இல்லை. 1892இன் கியரி சட்டத்தால் ஏற்கெனவே சீனத் தொழிலாளர்கள் புகைப்படம் ஒட்டிய வசிப்புச் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். காட்டத் தவறினால் நாடு கடத்தலாம். இப்போது உடம்புக்கும் ஒரு சான்றிதழ்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. மே 28 அன்று நீதிபதி வில்லியம் மாரோ ஊசி உத்தரவைத் தடுத்தார். நோய் தொற்றுவதற்கு முன்பு போடவேண்டிய ஊசியைத் தொற்றியிருக்கக்கூடியவர்களுக்குப் போட்டு ரயிலேற்றுவதில் மருத்துவ நியாயமும் இல்லை என்று தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். உடனே நகராட்சி மறுபடியும் கயிறு கட்டியது, இந்த முறை முள்கம்பியும் பலகையும் சேர்ந்தன. எல்லைக்கோடு நேராகப் போகவில்லை. வெள்ளையர் கட்டடம் வந்த இடத்தில் ஒதுங்கி, சீனர் கட்டடம் வந்த இடத்தில் உள்வாங்கி, பாம்புபோல வளைந்தது. ஸ்டாக்டன் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ஜூ ஹோ வழக்குத் தொடுத்தார். ஜூன் 15 அன்று அதே நீதிபதி அதையும் நீக்கினார்.

அந்தத் தீர்ப்பில் உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஓர் இடம் உண்டு. நோய் கண்ட வீட்டைத் தனியாகப் பிரித்து வைத்தால் அது தடுப்பு. நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டு தெருக்கட்டுகளை அடைத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்கிறார் நீதிபதி. தனக்கு வேண்டிய மருத்துவரைக் கூப்பிட்டுக்கொள்ளக்கூட உள்ளே இருப்பவர்களை விடவில்லை என்பதையும் ஜூ ஹோ முறையிட்டிருந்தார்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எலித்தெள்ளு வழியாகப் பிளேக் பரவுகிறது என்பதை பால் லூயி சிமோன் 1898இல் கராச்சியில் கண்டுவிட்டார், ஆனால் மருத்துவ உலகம் பல ஆண்டுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் கந்தகப் புகை போட்டார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், மூட்டை முடிச்சுகளை எரித்தார்கள். கயிற்றுக்கு அடியில் எலி பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. 1907இல் பிளேக் திரும்பி வந்தபோது நோயாளிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அப்போது யாரும் அவர்கள் தெருவைச் சுற்றிக் கயிறு கட்டவில்லை. ரூபர்ட் புளூ என்ற மருத்துவர் ஆட்களை வைத்து எலி பிடித்தார்.

எனவே என் கணக்கு இது: அந்தப் பத்திரிகை கிருமியில் தவறு செய்தது, கயிற்றில் தவறு செய்யவில்லை. முதலாவதற்காக நீங்கள் கோபப்படலாம். வீட்டில் மறைத்த நோயாளியைத் தேடியவர் நீங்கள், அங்கும் நோயாளிகளை மறைத்தார்கள், சிலருக்கு அதனால் நோய் பரவியிருக்கும். மறைத்தவர்களுக்குத் தைரியம் கொடுத்ததில் பத்திரிகைக்கும் பங்கு உண்டு என்று நீங்கள் சொன்னால் மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

ஆசிரியரைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் ங் பூன் சியூ. ஆங்கிலத்தில் இந்தப் பெயரை எழுதத் திண்டாடினார்கள், உயிரெழுத்தே இல்லாமல் இரண்டு மெய்களை ஒட்டி ஒப்பேற்றினார்கள். சொல்லின் முதலில் நிற்க வாய்ப்பில்லாமல் அரிச்சுவடியில் உட்கார்ந்திருக்கும் நம்முடைய ங் இந்த ஒரு மனிதருக்காகவே காத்திருந்தது போலிருக்கிறது. 1866இல் குவாங்தோங் மாகாணத்தில் பிறந்து, 1881இல் கலிபோர்னியா வந்து, பிரஸ்பிட்டேரியன் போதகரானவர். சீன ஆண்கள் அப்போது பின்னிப்போட்ட சடையை வெட்டிக்கொண்டவர். மேடையில் ஆங்கிலத்தில் பேசி வெள்ளையர்களைச் சிரிக்க வைப்பார் என்பதால் அவரைச் சீன மார்க் டுவைன் என்றார்கள். மேற்கத்திய மருத்துவத்தை வெறுக்கும் பழமைவாதி இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். 1902 நவம்பரில் ஷே கிங் கிங் என்ற இளம் மாணவி சான்பிரான்சிஸ்கோவில் கூட்டத்தின் முன் நின்று, பெண்களின் பாதத்தைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கத்தைச் சாடிப் பேசினார். அந்தப் பேச்சை மறுநாளே செய்தியாக வெளியிட்ட பத்திரிகை இது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1906 ஏப்ரல் 18 அதிகாலை பூமி அதிர்ந்தது, அடுத்து வந்த தீயில் சைனாடவுன் முழுவதும் போயிற்று. அச்சகமும் அதனோடு போயிற்று. சீன அச்சுக்கு ஆயிரக்கணக்கான எழுத்து வார்ப்புகள் வேண்டும், நினைத்த மாத்திரத்தில் வாங்க முடியாது. விரிகுடாவின் மறுகரையில் ஓக்லந்துக்குப் போய்க் கையால் எழுதிப் பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள்.

ஏன் அந்த அவசரம்? சாம்பல் ஆறுவதற்குள் நகரத்துப் பெரியவர்கள் ஒரு குழு அமைத்திருந்தார்கள். நகரின் நடுவே நல்ல விலைபோகும் நிலத்தில் சீனர்கள் எதற்கு, ஊருக்குத் தெற்கே ஹன்டர்ஸ் பாயிண்டில் கொண்டுபோய்க் குடிவைக்கலாம் என்பது திட்டம். வாசகர்களோ ஓக்லந்து முகாம்களில் சிதறிக் கிடந்தார்கள். ஏப்ரல் கடைசியிலேயே பத்திரிகை அவர்களுக்கு எழுதியது தலையங்கம் என்பதைவிடச் செய்முறைக் குறிப்பு என்று சொல்லலாம். சொந்த நிலம் உள்ள சீனர்கள் போய்த் தங்கள் மனையில் கட்டத் தொடங்கட்டும், அதைத் தடுக்க நகராட்சிக்கு உரிமையில்லை. வாடகைக்கு இருந்தவர்கள் வெள்ளைக்கார வீட்டுச் சொந்தக்காரர்களைப் பிடித்து மறுபடி குத்தகை பேசட்டும். சீனர்கள் கொடுத்த வாடகை எவ்வளவு கொழுத்தது என்று அந்தச் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். சீனத் தூதரக அதிகாரிகள் ஆளுநரைப் பார்த்து, சீனாவை அப்போது ஆண்ட பேரரசித் தாய்க்கு இந்தத் திட்டத்தில் மனவருத்தம் என்றும், துணைத் தூதரகம் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டப்படும் என்றும் தெரிவித்தார்கள். எங்களை விரட்டினால் வியாபாரத்தோடு வேறு துறைமுகத்துக்குப் போய்விடுவோம் என்ற பேச்சும் நகரத்தின் காதில் விழும்படி நடந்தது.

சில வாரங்களில் குழுவின் சத்தம் அடங்கிவிட்டது. சைனாடவுன் இருந்த இடத்திலேயே எழும்பியது. நீங்கள் என்றாவது அந்த ஊருக்குப் போனால் கியர்னி தெருவிலிருந்து ஸ்டாக்டன் தெருவரை மேடேறி நடந்து பாருங்கள். 1900 மார்ச்சில் கயிறு கட்டி வைத்திருந்தது அந்த இடத்தைத்தான்.